ரத்தத்தில் ஒன்றும் இல்லையாம்

மார்ச் 12, வியாழன்

வாயில் வடையோடு மனைவியிடம் பொய் சொன்னேன். பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடையில், மத்தியானம். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் நுரையீரல் புற்றுச் செல்கள் என் ரத்தத்தில் அலைகின்றனவா என்று சோதித்திருந்தார்கள்.

"ஒரு செல்லுகூட இல்லையாம், மேரி!"

"நெசமாவா? அப்ப பாயசம் சொல்லுங்க லா!"

உடனே கிள்ளானில் இருக்கும் தன் தங்கைக்குப் போன் போட்டுச் சிரித்தாள். பள்ளி நாடகத்தில் மரமாக நின்றவன் நான். என் நடிப்பை நானே மெச்சிக்கொண்டேன்.

காலையில் நர்ஸ் எனக்கு அனுப்பிய செய்தி இவ்வளவுதான்: "ரிப்போர்ட் ரெடி, அங்கிள். டாக்டர் நேர்ல பேசணுமாம். நாளைக்கு ஆன்டியையும் கூட்டிட்டு வாங்க."

என்ன சொல்லி அவளைக் கூட்டிப்போவது? இரவு, யோசித்தபடியே அவள் போனை சார்ஜில் போட்டேன். திரையில் நர்ஸின் பெயர். அதே செய்தியை அவளுக்கும் அனுப்பியிருக்கிறார். காலை பத்து மணிக்கே, "சரிம்மா, ரெண்டு பேரும் வரோம்" என்று பதில் போட்டிருக்கிறாள்.