எலும்பு வேண்டாம் என்று சொன்னேனாம்

என்னங்க,

கூப்பிட்டால் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே "ம்" என்பீர்களே, அந்த ஒரு சத்தம் போதும் என்றிருக்கிறது. வராது. தெரிந்துதான் கூப்பிடுகிறேன். ஜெனி ஞாயிற்றுக்கிழமை வந்தாள், அதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

உங்களை அடக்கம் செய்துவிட்டுப் பெங்களூருக்குப் போனவள், அதற்குப் பிறகு இந்த வாசற்படியை மிதிக்கவே இல்லை. இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? கேட்டபோதெல்லாம் பார்க்கலாம்மா, பார்க்கலாம்மா என்று தள்ளிக்கொண்டே போனாள். அங்கே மாமியார் ஒரு அறையை ஒழித்துத் தொட்டில்கூட வாங்கிப் போட்டுவிட்டார். நல்ல மனுஷி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் பெண் என்னிடம் வர வேண்டாமா? இவளும் வராவிட்டால் இந்த வீட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

போன வாரம் அவளாகவே போன் செய்தாள். அப்பா செய்கிற ரோஸ்ட் சாப்பிடணும் போல இருக்கிறது, செய்வாயா என்றாள். மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலமே கிளம்பிவிடுவாளாம். செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, அந்த ஓவனில் எந்தக் குமிழை எந்தப் பக்கம் திருப்புவது என்றுகூட எனக்குத் தெரியாது.

தெரிந்துகொள்ள விட்டீர்களா? விலா ரோஸ்ட் என்றால் அன்றைக்கு அடுக்களை உங்கள் ராஜ்யம். நான் மிளகாய்த்தூள் டப்பா பக்கம் கையை நீட்டினாலே தட்டிவிடுவீர்கள். மிளகு, பூண்டு, கல்லுப்பு, இதற்கு மேல் ஒன்றும் கூடாது. எனக்கு விட்ட வேலை ரசமும் பீன்ஸ் பொரியலும்தான். பெரிய சமையல்காரர் என்ற நினைப்பு உங்களுக்கு! போகட்டும், அந்த நினைப்பும் சேர்ந்துதான் போய்விட்டது.

பன்னிமண்டபத்து இறைச்சிக் கடை பாய்க்கு நானே போன் போட்டேன். நீங்கள் இல்லாத செய்தி அவருக்குத் தெரிந்திருந்தது. விலாத் துண்டு ஒன்று வேண்டும் என்றேன். எருமைதான், கொஞ்சம் வயசானது, நிதானமாக வேகவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, "மூளெ பேக்கா, பேடாவாம்மா?" என்று கேட்டார்.

நான் ஹனூர்க்காரி. தமிழும் கன்னடமும் ஒன்றாகப் பேசி வளர்ந்தவள். கன்னடத்தில் மூளெ என்றால் எலும்பு என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அன்றைக்கு என் காது தமிழில் கேட்டது. மூளையை வாங்கி நான் என்ன செய்ய, மசக்கைக்காரிக்கு அந்த வாடை ஆகாதே என்று நினைத்து, "மூளெ பேடா", வேண்டாம் என்றேன். நீங்கள் போனதிலிருந்து இப்படித்தான். எதிராளி பேசுவது காதில் விழுகிறது, உள்ளே போய்ச் சேருவதற்குள் வாய் பதில் சொல்லிவிடுகிறது.

சனிக்கிழமை ஆட்டோவில் போய்ப் பொட்டலத்தை வாங்கி வந்து பிரித்தால், வெறும் சதை. பெரிய துண்டுதான், நல்ல துண்டுதான், ஆனால் பேருக்கு ஒரு எலும்பு இல்லை. பாயைக் கூப்பிட்டேன். "நீவே பேடா அந்ரல்லம்மா" என்றார். ஆமாம், நானேதான் வேண்டாம் என்றேன். வேறு விலா இருக்கிறதா என்று கேட்டதற்கு எல்லாம் போய்விட்டது என்றார். பாவம், அவரை என்ன சொல்வது.

நீங்கள் இருந்திருந்தால் கிறிஸ்துமஸ் வரைக்கும் இதைச் சொல்லிச் சொல்லியே என் மானத்தை வாங்கியிருப்பீர்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அடக்கத்தன்று உங்கள் அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கி, அழுதுடு, அழுதுடு என்றார்களே, அன்றைக்கும் வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று இரண்டு பேர் பேசிக்கொண்டது என் காதிலேயே விழுந்தது. விழுந்தது, அவ்வளவுதான்.

ராத்திரியே உப்பும் மிளகும் பூண்டும் தடவி ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் பூசைக்குப் போகவில்லை. எலும்பிருந்தால் இறைச்சி அதன்மேல் தானாக உட்கார்ந்துகொள்ளும், அடியில் கொழுப்பு தேங்கிக் கருகாது என்பீர்களே, அதற்கு என்ன வழி? உருளைக்கிழங்கைத் தடித்தடியாக நறுக்கித் தட்டில் பரப்பி, அதன்மேல் தூக்கி வைத்தேன். முதலில் நல்ல சூடு, பிறகு குறைத்து நெடுநேரம். இறைச்சி வாடை போகாமல் பக்கத்து வீட்டைப் பார்த்த ஜன்னலைச் சாத்தினேன். அதை மட்டும் யாரும் சொல்லாமலே என் கை செய்தது.

ஜெனி வந்தாள். முகம் ஊதியிருந்தது, கால் வீங்கியிருந்தது. உங்கள் போட்டோ இருக்கும் பக்கம் திரும்பவே இல்லை, நேராக அடுக்களைக்கு வந்தாள். தட்டைப் பார்த்துவிட்டு எலும்பு எங்கே என்றுதான் முதலில் கேட்டாள். கடைசி எலும்புக்கு உங்களோடு மல்லுக்கு நின்றவளாயிற்றே. மூளெ கதையைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிக்கும்வரை நான் கரண்டியோடு நின்றேன்.

சாப்பிட்டாள். "நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா அப்பாது மாதிரி இல்ல" என்றாள். உள்ளதைச் சொன்னாள். கிழங்கு மட்டும் ரொம்பப் பிடித்துவிட்டது, இரண்டு தடவை கேட்டு வாங்கினாள். ரசம் ஊற்றப் போனபோதுதான் என் கையைப் பார்த்தாள். விரலிலிருந்து மணிக்கட்டு வரை சிவந்து, நடுவில் கொப்பளம்.

"இது எப்பம்மா சுட்டுக்கிட்ட?"

தெரியவில்லை என்றேன். ஓவன் கம்பியில் பட்டிருக்க வேண்டும். வலிக்கலையா என்றாள். இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியவில்லை.

கையை இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் பிடித்தாள். அப்போதுதான் சொன்னாள். "வந்தா நீ கட்டிப் புடிச்சு அழுவே, என்னால தாங்க முடியாதுன்னுதான் இத்தனை நாளா வரல. நீ அழவே இல்லையேம்மா. அதுதான் இப்ப பயமா இருக்கு. நான் போகல. இங்கயே இருக்கேன்."

இந்தப் பேச்சுக்காகத்தானே இத்தனை மாதம் காத்திருந்தேன்? சந்தோஷம் வந்திருக்க வேண்டாமா? உனக்குத் தலையணை ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா என்று கேட்டேன். இரண்டு என்றாள். எடுத்துப் போட்டேன். மாமியாருக்கு அவளே போன் செய்து பக்குவமாகச் சொல்லிவிட்டாள்.

இப்போது கட்டிலில் நீங்கள் படுக்கிற பக்கத்தில்தான் படுத்துத் தூங்குகிறாள். பிள்ளை பிறந்ததும் நேராகக் கல்லறைக்கு வந்து முதலில் உங்களிடம்தான் சொல்வேன், இது சத்தியம். அன்றைக்கு அழுகை வந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டுப் போகிறேன். வராவிட்டாலும், எனக்கு உங்கள்மேல் ஆசையே இல்லை என்று மட்டும் நீங்கள் நினைத்துவிடக் கூடாது, என்னங்க.

இப்போதும் உங்கள் மனைவிதான்,
ஜெனி அம்மா
மைசூரு