பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு மேல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம், களைத்துப்போய்த்தான், ஆனால் இருக்கிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் அதுவே எங்களுக்குப் போதும். லிஃப்டைச் சரிசெய்பவர் நாளை வருகிறேன் என்று சொல்லி மூன்று வாரம் ஆகிறது, மாடி ஏறினால் அம்மாவுக்கு முட்டி பிடிக்கிறது, எனக்கு மூச்சு வாங்குகிறது. என் இடது கை விரல்கள் இன்னும் மரத்துத்தான் கிடக்கின்றன. பிசியோதெரபி பெண் கொடுத்த பந்தைப் பிசைந்து பிசைந்து வெறுத்துவிட்டது, அதைப் பார்த்த அம்மா பீரோ மேலிருந்து உன் கிட்டாரை இறக்கித் தூசி தட்டிக் கொடுத்தாள். நீ போனில் “அதை வித்துடுங்கப்பா” என்று சொன்ன மறுநாள் அது.

உன் பழைய நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் ஸ்கேல் என்று நீ எழுதிய ஸ்வர வரிசையை வாசிக்கிறேன். வாசிப்பு என்பதெல்லாம் பெரிய வார்த்தை, தடவுகிறேன். கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளை எண்ணிக்கொண்டே முதல் ஃபிரெட், ஐந்தாம் ஃபிரெட், ஒன்பது வரைக்கும் நொண்டி நொண்டிப் போய்விட்டேன். பன்னிரண்டைத் தாண்டினால் உள்ளங்கை கிட்டாரின் உடம்பில் முட்டி நிற்கிறது, கட்டைவிரலுக்குப் பிடிமானம் இல்லை, சுண்டுவிரல் அந்தரத்தில் ஆடுகிறது. என் கை செத்துப்போனதால்தான் என்று நினைத்தேன். நோட்டில் அதே இடத்தில் பென்சிலால் நீ எழுதியிருக்கிறாய், “கை போகலை” என்று. நாலு பக்கத்தில் நாலு தடவை.

இந்தக் கிட்டாரை வாங்கிய கடை ஞாபகம் வந்தது. நீ கேட்ட கிட்டாரில் கழுத்தோரம் உடம்பின் ஒரு பக்கத்தை வளைத்து வெட்டியிருந்தது. முப்பது வருடம் துணிக்கடையில் மூலை போன துணியை ஒதுக்கிப் பழகிய கண்ணாயிற்றே, கழித்த சரக்கை நம் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று கடைக்காரரோடு மல்லுக்கு நின்று, முழுசாக இருந்ததை வாங்கி வந்தேன். கை மேலே போகத்தான் அந்த வெட்டு என்று நீ சொல்ல வந்தாய், நான் காது கொடுக்கவில்லை. அப்புறம் தினமும் நீ அங்கே தடுமாறும்போது உள்ளறையிலிருந்து “சோம்பேறி, மேலே போ” என்று கத்தியதும் நான்தான். இசைப் பள்ளித் தேர்விலும் அங்கேதான் நின்றுபோனாய், அன்றோடு கிட்டாரை மூடினாய், அதையும் சோம்பல் என்றேன்.

தப்பு என்னுடையதம்மா. இத்தனை வருடம் கழித்துச் சொல்கிறேன், கோபம் இருந்தால் இருக்கட்டும். கிட்டாரை விற்கவில்லை, என் விரல்களுக்கு அது போதும். நீ வந்ததும் அதே கடைக்குப் போவோம், நீயே பார்த்து எடு, நான் வாசலிலேயே நின்றுகொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், எங்கள் ஆசி என்றும் உன்னோடு. கம்பியை அழுத்த வாகாக இடது கை நகத்தை வெட்டிக்கொண்டு வா.

ஒன்பதாம் ஃபிரெட்டில் நொண்டும்,
உன் அப்பா