சிரிப்பு மாத்திரை

அக்கா,

மாத்திரை இல்லாமல் சந்தோஷமாக இருக்கத் தெரிந்த ஒரே மேதை இந்த வீட்டில் நான்தான். குக்கரில் சாதம் இருக்கிறது.

நான் ‘சிரிப்பு மாத்திரை’ என்று கிண்டலடித்ததால்தான் நீ மன அழுத்த மாத்திரையை நிறுத்தினாய் என்பது நேற்றுக் காலைச் சண்டையில்தான் தெரிந்தது. சாயங்காலம் உன் டாக்டரிடம் போனேன். உன்னை இன்றே போன் செய்யச் சொன்னார். “நீங்க எப்படி இருக்கீங்க தம்பி?” என்றும் கேட்டுத் தொலைத்தார். கல்லூரியையே சிரிக்க வைப்பவனுக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. நீ நைட் ஷிப்ட் போன பிறகு இந்த வீடு எப்படி இருக்கும் என்று ரொம்ப நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பி.கு.: பிரிட்ஜ் மேல் இரண்டு அட்டை இருக்கும். புதியது என்னுடையது, காலையில் ஒன்று போட்டுக்கொண்டேன். மாற்றி எடுத்துவிடாதே.