மூன்று தொட்டிகளும் ஒரு டப்பா உரமும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும், பால்கனியில் உன் மூன்று வெங்காயத் தொட்டிகளும் நலம், நீயும் அங்கே நலமாக இருப்பாய். தொட்டிகள் நலம் என்று எழுத எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று, காரணத்தைச் சொல்கிறேன், படித்தவுடன் போன் போட்டுக் கத்தாதே, இரண்டு நாள் கழித்துக் கத்து. தண்ணீரைத் தவிர ஒரு துகள்கூடப் போடக் கூடாது என்று தொட்டியிலேயே சீட்டு ஒட்டிவிட்டுப் போனாய் அல்லவா, நீ வண்டி ஏறிய மறு வாரமே நான் உர டப்பாவைத் திறந்து தொட்டிக்கு இரண்டு கரண்டி போட்டுவிட்டேன். சீட்டைப் படிக்கக் கண்ணாடி வேண்டும், கண்ணாடி போட்டால் என்னைவிட நாலு வயது மூத்த எதிர்வீட்டுத் தையல்காரர் என்னைப் பெரியவரே என்கிறார், அதனால் போடவில்லை.

அப்புறம்தான் நீ போனில், அந்த வெங்காய வேரில் நீ வளர்க்கும் பூஞ்சை உயிருள்ள வேரை விட்டால் வேறெங்கும் வளராது, இரண்டு வருட உழைப்பில் மிச்சம் இந்தத் தொட்டிகள்தான், உரம் பட்டால் வேர் அதை உள்ளேயே சேர்க்காது என்றாய். நானும் ஆமாம் ஆமாம் என்று விவரம் தெரிந்தவன்போலச் சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து உரம் கரைந்து போகட்டும் என்று தினமும் தொட்டிக்கு அரை வாளித் தண்ணீர். கீழ்வீட்டுக்காரம்மா, என்ன சார் உங்க வீட்டுல மட்டும் தினமும் மழையா, என்று காயப்போட்ட துணியோடு இரண்டு முறை படியேறி வந்துவிட்டார்.

நேற்று உன் ஆய்வக அக்கா வந்து வேர் வெட்டி எடுத்தார். தீர்ப்பு கேட்கப் போகிறவன்போல நானும் ஆய்வகத்துக்குக் கூடவே போனேன். வேரைக் கொதிக்கவைத்து நீலச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, சூப்பரா இருக்கு அங்கிள், வந்து பாருங்க, என்றார். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பார்த்தேன். வேரின் செல்லுக்குச் செல் ஒரு குட்டி நீல மரம், அதுதான் உன் பூஞ்சையாம்! பூஞ்சை வாசலில் நிற்கும்போதே செல் உள்ளே சாமான்களை ஒதுக்கி வழி போட்டு வைக்கிறதாம், உள்ளே வந்ததும் சுற்றிலும் புதுச் சவ்வு கட்டி அதற்குள்ளேயே கிளைவிடச் சொல்கிறதாம், அது மண்ணிலிருந்து பாஸ்பேட் சத்தைக் கொண்டுவர இது சர்க்கரை கொடுக்கிறதாம், சில நாளில் கிளை வாடினால் செல்லே அதைச் செரித்து இடத்தைச் சுத்தம் செய்துவிடுகிறதாம். உன் சித்தப்பா வரும்போது நாமும் கட்டிலை நகர்த்துகிறோம், கூடத்தில் திரை கட்டுகிறோம், சர்க்கரையும் கொடுக்கிறோம். என்ன, அவர் பாஸ்பேட் கொண்டுவருவதுமில்லை, சில நாளில் கிளம்புவதுமில்லை. என்ன அங்கிள் கண்ணு கலங்குது என்று அக்கா கேட்டார், சாய வாடைம்மா என்றேன்.

வேர்ப் பார்சல் திங்கட்கிழமை கிளம்புகிறது, வாங்க ஆள் இருக்க வேண்டும், மறக்காதே. குனிந்தே வேலை பார்க்காதே, எனக்கு ஐந்து நிமிடத்திலேயே கழுத்து பிடித்துக்கொண்டது. நீ தொட்டதெல்லாம் வேர்பிடிக்க வாழ்த்தும்,

உன் அப்பா

பி.கு.: கடிதத்தை வாசித்துக் காட்டியதும் அம்மா சிரிப்பை நிறுத்தவில்லை. உங்க கை சும்மா இருக்காதுன்னு எனக்குத் தெரியாதா என்கிறாள். நீ கிளம்பிய அன்றே உரத்தைக் கீழ்வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு, டப்பாவில் மணலை நிரப்பி வைத்தாளாம்.