அப்பா தூண்டில் போட்டுப் பிடித்த புத்தகம்

கரமனை,
ஞாயிற்றுக்கிழமை

சௌபாக்கியவதி பத்மப்ரியாவுக்கு அம்மா மனசு நிறைந்து ஆசீர்வாதம் பண்ணி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் க்ஷேமம், ஒப்புக்கு எழுதுகிற க்ஷேமம் இல்லை, நிஜமான க்ஷேமம், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் அந்த எட்மண்டன் குளிரில் காதைத் திறந்துபோட்டுக்கொண்டு திரியாமல் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் பத்மநாப ஸ்வாமியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எதிராத்து நவநீத் லீவு முடிந்து புதன்கிழமை உன் ஊருக்கே கிளம்புகிறான், அவன் பெட்டியில் இடம் கேட்டு நார்த்தங்காய், சக்கவரட்டி, ரசப்பொடி கொடுத்தனுப்புகிறேன், இந்தக் கடிதம் ரசப்பொடி பொட்டலத்தோடு இருக்கும். போனிலேயே சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போன் மணி அடித்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டே அவரைப் புகழ்ந்தால் அப்புறம் மனுஷரைப் பிடிக்க முடியாது. அதோடு, விரல் முழுசாகச் சரியாகிற வரைக்கும் பத்மாவிடம் மூச்சு விடாதே, அரைகுறையைக் காட்டாதே என்று எனக்கு உத்தரவு வேறு. நான் எந்த உத்தரவைக் கேட்டிருக்கிறேன்.

போன ஞாயிறு அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் நீ சொன்னாயே, ராஜினாமா கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் அம்மா, அப்பாவை இப்படி விட்டுவிட்டு இங்கே பாலத்துக்குப் படம் போட்டுக்கொண்டிருக்க மனசு ஒப்பவில்லை என்று, அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்பாவிடம் நான் சொல்லவில்லை, சொன்னால் தன்னால்தான் இதெல்லாம் என்று மறுபடி படுக்கையில் சுருண்டுகொள்வாரோ என்று பயம். நீ கொடுப்பதோ கொடுக்காததோ உன் இஷ்டம், ஆனால் நீ பார்த்துவிட்டுப் போன அப்பாவை நினைத்துக்கொண்டு கொடுக்காதே. அந்த அப்பா எப்படி இருந்தார் என்று உனக்குத் தெரியும், ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாளிலிருந்து வலது கையை மடியில் போட்டு மேல்துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுவதை யாரும் பார்க்கக்கூடாது என்று சாப்பாட்டுக்குக் கதவைச் சாத்திக்கொண்டார். பிசியோதெரபிக்கு வருகிற ஆதிரா கொடுத்த ரப்பர் பந்தைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டு காணோம் என்று சாதித்தார். அந்தப் பெண் தங்கமானவள், கோபப்படாமல் புதுப் பந்து கொண்டுவருவாள், அதுவும் கட்டிலுக்கு அடியில் போகும்.

நீ கிளம்புகிற அன்று கம்ப்யூட்டரில் அந்த மைன்கிராஃப்ட் விளையாட்டைப் போட்டுக் கொடுத்து, அப்பா, கட்டை கட்டையாக அடுக்கி இதில் ஒரு வீடு கட்டு, மலைக்கு அந்தப் பக்கம் என் வீடு இருக்கிறது, நான் அங்கேயிருந்து வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். எனக்கு உள்ளுக்குள் சிரிப்புதான், கை விளங்காத மனுஷருக்கு இது ஒன்றுதான் குறைச்சல் என்று நினைத்தேன். முதலில் அவரும் இடது கையால் சும்மா நடந்து நடந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்ன தோன்றியதோ, உன் வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் நடுவே மலையைக் குடைந்து வழி போடுகிறேன் என்று ஆரம்பித்து, விளையாட்டில் உன் வீட்டுப் பெட்டியிலிருந்து உன் வைரப் பிக்காசை இரவல் எடுத்துக்கொண்டார். குடைந்தார் குடைந்தார், ஒரு நாள் பார்த்தால் பிக்காசுக்குக் கீழே தெரிகிற கோடு தேய்ந்து சிவப்பாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் வெட்டினால் உடைந்து போய்விடுமாம். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற நம் சுமந்த்தை, என் தம்பி பிள்ளையை, ஆபீஸ் நேரத்திலேயே கூப்பிட்டார். அவன், விடுங்கோ அத்திம்பேர், வேறு ஒன்று செய்துகொள்ளலாம் என்றானாம். அடுத்தவர் சாமானை வாங்கித் தேய்த்துவிட்டு அதற்குப் பதில் இதை வைத்துக்கொள் என்று கொடுக்கிற பழக்கம் எனக்கில்லை என்றார் இவர். அப்போதுதான் சுமந்த் அந்த மெண்டிங் மந்திரத்தைப் பற்றிச் சொன்னான். அது ஒரு புத்தகமாகக் கிடைக்குமாம், பிக்காசில் அதை ஏற்றிவிட்டால், நிலக்கரியோ வைரமோ வெட்டும்போது பச்சைப் பொட்டுப் பொட்டாகப் பறந்து வருகிறதே அது உள்ளே போய், தேய்ந்த இடத்தையெல்லாம் நிரப்பிவிடுமாம். பிடித்து வேலை செய்துகொண்டே இருந்தால் அது உடையவே உடையாது. ஆனால் லேசில் கிடைக்காதாம்.

கிடைக்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது, எல்லாரும் அதைத்தான் செய்வார்கள் என்று சுமந்த் சொல்லிக்கொடுத்தான். அந்த விளையாட்டு ஊரில் வேலையில்லாமல் நிற்கிற ஒருத்தன் பக்கத்தில் ஒரு வாசிப்பு மேசையைக் கொண்டுபோய் வைத்தால் அவன் புத்தகக்காரனாகிவிடுவான், விற்க ஒரு புத்தகம் காட்டுவான். நமக்கு வேண்டியது இல்லையென்றால் மேசையை உடைத்துவிட வேண்டும், அவன் வேலை போய்விடும். திரும்ப மேசையை வைத்தால் திரும்ப வேலை, வேறு புத்தகம். மெண்டிங் வருகிற வரைக்கும் இப்படியே உடைத்து உடைத்து வைக்க வேண்டியதுதான். உன் அப்பாவும் ஒரு தடவை உடைத்துப் பார்த்தார். அந்த மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு நின்று இவரைப் பார்த்துத் தலையை ஆட்டினானாம். அவ்வளவுதான், மேசையை இருந்த இடத்திலேயே வைத்து, மன்னிச்சுக்கோப்பா என்று கம்ப்யூட்டரைப் பார்த்து வாய்விட்டே சொன்னார், நான் ஹாலில் கீரை ஆய்ந்துகொண்டு கேட்டேன். சர்வீஸ் பூராவும் யூனியன் கொடி பிடித்து, அதற்காகக் காசர்கோட்டுக்குத் தூக்கியடிக்கப்பட்டு, அங்கேயும் போய் இன்னொரு கொடி பிடித்தவராயிற்றே. ஒருத்தன் மேசையைப் பிடுங்கித்தான் எனக்குப் புஸ்தகம் வரணும்னா அந்தப் புஸ்தகமே வேண்டாம் என்று சுமந்த்திடம் சொல்லிவிட்டார். வேறு வழி என்ன என்றால், மீன் பிடிக்க வேண்டும். தண்ணீரில் தூண்டில் போட்டால் என்றைக்காவது ஒரு நாள் மீனோடு மீனாக அந்தப் புத்தகமும் மாட்டலாமாம்.

அக்ரஹாரத்தில் பிறந்து முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாத மனுஷர் தூண்டிலோடு உட்கார்ந்த கதையை என்னவென்று சொல்ல. இதில் தோஷம் உண்டா விஜயம் என்று என்னிடம் கேட்டார். கம்ப்யூட்டர் மீனுக்கு என்ன தோஷம், சமையலறைப் பக்கம் கொண்டு வராமல் இருந்தால் சரி என்றேன். மாட்டுகிற மீனையெல்லாம் என்ன செய்வது என்று யோசித்து, அந்த ஊர்ப் பூனைகளுக்குப் போட ஆரம்பித்தார், இப்போது அவர் உட்கார்ந்தால் சுற்றிலும் ஒரு பூனைக் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது, பூனை இருந்தால் வெடிக்கிற அந்தப் பச்சைப் பிசாசும் கிட்டே வராதாம். ஒரு நாள் சரோஜம் மாமி கறிவேப்பிலை வாங்க வந்தபோது இவர் உள்ளேயிருந்து, இன்னிக்கு ஒரு மீன்கூட மாட்டலை சுமந்த் என்று போனில் கத்திக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க, சேஷன் மாமா கரமனை ஆற்றில் மீன் பிடிக்கிறாராமே, உடம்புக்கு வந்ததிலிருந்து புத்தி பேதலித்துவிட்டதாமே என்று பரவி, கோயிலில் இரண்டு பேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நான் மறுக்கவே இல்லை. நல்ல பெரிய மீனாகக் கிடைக்கிறது என்று சொல்லிவிட்டு பிரசாதத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீரில் தக்கை மிதக்கும், அது முங்குகிற அந்தக் கணத்தில் மவுஸின் வலது பட்டனை அமுக்க வேண்டும், பிந்தினால் போச்சு. ஆரம்பத்தில் அதையும் இடது கையால்தான் செய்துகொண்டிருந்தார், சுமந்த்தும் வந்து இடது கைக்கு வசதியாக மவுஸை அந்தப் பக்கம் மாற்றி வைத்துவிட்டுப் போனான். மறுநாள் காலையில் காபி கொண்டு போகிறேன், மவுஸ் வலது பக்கம் இருக்கிறது, மேல்துண்டு நாற்காலியில் கிடக்கிறது, வலது கையை இடது கையால் தூக்கி மவுஸ் மேல் வைத்துக்கொண்டிருக்கிறார். ஏன்னா, என்ன இது என்று கேட்டேன். கோபமாகத்தான் பதில் வந்தது. பத்மாவுக்குக் கொடுக்கப்போகிற சாமான், அதை இடது கையால் எடுத்து இடது கையால் கொடுப்பதா, பெற்ற பெண்ணுக்கு அப்படி யாராவது கொடுப்பார்களா என்றார். ஆதிரா எத்தனை நாள் கெஞ்சினாள், டாக்டர் மிரட்டினார், நான் அழுதும் பார்த்தேன், ஒன்றுக்கும் அசையாத கையை இந்த ஒரு எண்ணம் அசைக்கப் பார்த்தது.

அசைந்ததா என்றால், லேசில் இல்லை. தக்கை முங்கும், நடுவிரலை அமுக்கு என்று இவர் மனசால் சொல்வார், அது யோசித்து யோசித்து இறங்குவதற்குள் மீன் போயிருக்கும். நாள் பூராவும் இதே கதை. நெற்றி வியர்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, மறுபடியும் போடுவார். போதுமே என்று சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆதிரா வந்து பார்த்துவிட்டு, பந்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு இவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு நாள் விரல் இறங்கியது, பிந்தித்தான் இறங்கியது, ஆனால் இடது கை உதவியில்லாமல் தானாக இறங்கியது. சாரே, மீன் போட்டே, விரல் வந்நல்லோ, மீன் போனால் போகட்டும் விரல் வந்துவிட்டதே என்று அவள் குதித்தாள், இவரோ போன மீனைப் பற்றியே புலம்பிக்கொண்டிருந்தார். அப்புறம் மெல்ல மெல்ல மாட்ட ஆரம்பித்தது. பழைய தோல் செருப்பு, அழுகின மாமிசம் (ராம ராமா என்று அதை உடனே கடாசினார்), ஒரு சேணம், வேறு ஏதேதோ மந்திரப் புத்தகங்கள். ஒன்றில் சாபம் என்று எழுதியிருந்ததாம், அது வீட்டில் இருக்கக்கூடாது என்று நெருப்புக் குழம்பு ஓடுகிற இடம் தேடிப் போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

போன வியாழக்கிழமை மத்தியானம், வெளியே நல்ல மழை, நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருக்கிறேன், விஜயம் என்று ஒரு சத்தம். விழுந்துவிட்டார் என்றே நினைத்து அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினேன். நாற்காலியில் நேராக உட்கார்ந்திருக்கிறார், கண்ணெல்லாம் தண்ணீர், மெண்டிங், மெண்டிங் என்கிறார். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் அவர் கையைப் பார்த்தேன். மவுஸ் மேல் சாதாரணமாக, பழைய மாதிரி, அது பாட்டுக்கு இருந்தது. உடனே உன் பிக்காசை எடுத்து அந்த இரும்புப் பட்டடையில் வைத்து மந்திரத்தை ஏற்றினார், நிலக்கரி வெட்டி வெட்டி சிவப்புக் கோடு பச்சையாகிற வரைக்கும் விடவில்லை, அப்புறம் தான் குடைந்த வழியாகவே மலைக்கு அந்தப் பக்கம் நடந்து போய் உன் பெட்டியில் வைத்துவிட்டு வந்தார். நீ கொஞ்ச நாளாக உள்ளே வரவில்லையே, அதனால் உனக்குத் தெரியாது. அப்பளம் கரிக்கட்டையாகிவிட்டது, அதையும் சந்தோஷமாகத் தின்றார். அன்றைக்குக் கதவைச் சாத்தவில்லை பத்மா. ஸ்பூனைத் தள்ளி வைத்துவிட்டு ரசம் சாதத்தை வலது கையால் பிசைந்தார். பாதி வாய்க்குப் போயிற்று, பாதி வேட்டிக்குப் போயிற்று. மோர் எடுக்கிற சாக்கில் நான் உள்ளே போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன். இத்தனை வருஷத்தில் அவர் பிடிவாதத்தைத் திட்டாத நாள் இல்லை, இப்போது சொல்கிறேன், அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் அந்தக் கை இல்லை. எனக்கு அவரை நினைத்தால் பெருமையாக இருக்கிறது, அவரிடம் சொல்லிவிடாதே.

எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சட்டைப் பட்டன் இன்னும் நான்தான் போட்டுவிடுகிறேன், ஷேவிங்குக்கு ஆள் வருகிறான், படி இறங்கக் கம்பு வேண்டும். நீ இல்லாமல் எனக்கு இந்த வீடு பெரிசாகத்தான் இருக்கிறது, உன்னைப் பார்க்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, அதையும் மறைக்கவில்லை. லீவு போட்டு வா, ஒரு மாதம் இரு, அப்பாவோடு சண்டை போடு. ஆனால் நோயாளியைப் பார்த்துக்கொள்ள என்று வேலையை விட்டு வந்தாயானால் அவர் திரும்பவும் நோயாளியாகிவிடுவார். நான் படிக்காதவள் இல்லை, யோசித்துத்தான் சொல்கிறேன். நார்த்தங்காய் பாட்டிலில் ஈரக் கரண்டி போடாதே. வேளைக்குச் சாப்பிடு. நவநீத்துக்கு ஒரு வேளையாவது சோறு போடு, அவனுக்கு அங்கே யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த விளையாட்டுக்குள் வந்து உன் பெட்டியைத் திற, எதுவும் தெரியாத மாதிரி ஆச்சரியப்படு. தீர்க்காயுசாக, மனசு போல் எல்லாம் நடந்து, நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அம்மா
விஜயம்

பி.கு. கவரில் போடப் போன நேரத்தில் அப்பா வந்து நின்று, கீழே இடம் இருக்கா, ஒரு வரி எழுதணும் என்றார். மேலே படிக்க விடாமல் தாளை மடித்துப் பிடித்துக்கொண்டேன். பேனாவை வலது கையில் வாங்கினார், குக்கர் சத்தம் அடங்குகிற வரைக்கும் அந்த ஒரு வரியை எழுதினார். அவர் போன அப்புறம்தான் படித்தேன், தூக்கிவாரிப் போட்டது. சத்தியமாக நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பத்மா வேலையை விடாதே. அப்பா.