பெர்மிட் வருவதற்கு முன் இறங்கிய கூரை

2.2.1989, வியாழன்

காலையில் நகராட்சிக் கட்டடப் பிரிவு கவுண்டரில் ஒரு மணி நேரம். தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் கூரை பிளான் இன்னும் மேசையிலேயே கிடக்கிறது. இடத்தை ஆள் வந்து பார்த்த பிறகுதான் பெர்மிட். அங்கே வேலை பார்க்கும் சலேஹா நல்ல பெண், பத்து வருடப் பழக்கம். சீனப் பெருநாள் கழியட்டும், நானே வந்து பார்க்கிறேன் என்று மலாயில் சொன்னாள்.

சாயங்காலம் தலைவர் விநாசித்தம்பி வீட்டுக்கே வந்துவிட்டார். ரயில்வேயில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், பள்ளி வாரியத்தை இப்போது ரயில்வே மாதிரிதான் நடத்துகிறார். தை முடிவதற்குள் கூரை வேலையைத் தொடங்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தாயிற்று. பெர்மிட் இல்லையே ஐயா என்றேன்.

"பிளான் போட்டது நீங்கதான கார்த்திகேசு. நீங்க சொன்னா சரி" என்றார்.

"குறிச்ச நாளை மாத்த வேணாம் ஐயா. பெர்மிட் எப்படியும் வந்துரும். நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

இந்த ஊரில் பிளான் வரையத் தெரிந்த தமிழன் என்றால் இதுதான் கதி. கோயில் மதிலுக்கும் நான், கல்யாண மண்டபத்துக் கழிப்பறைக்கும் நான். கொஞ்சம் பெருமையும் உண்டு. இல்லை என்று சொல்லி யாரை ஏமாற்றுவது?

5.2.1989, ஞாயிறு

கோத்தோங் ரோயோங், எல்லாரும் சேர்ந்து செய்யும் சிரமதானம். பெற்றோர் நாற்பது பேர் வந்தார்கள். கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, ஏழரைக்கு ஏணி வைத்தோம். மூன்று வகுப்பறையின் பழைய சிமெண்ட் கூரைத் தகடுகளும் மதியத்துக்குள் கீழே. கழற்ற வராத ஆணிக்கு முனுசாமி சுத்தியலால் ஒரே போடு போட்டார், தகடு அப்பளமாக நொறுங்கியது. பிறகு எல்லாரும் அப்படியே செய்தோம். நானும்தான். பெண்கள் வாளியில் அள்ளிக்கொண்டு போய்ச் சிற்றுண்டிச் சாலைக்குப் பின்னால் கொட்டினார்கள். மனைவி ஜெயா சமைத்த மீ கோரெங் நூடுல்ஸ் ஒரு இழை மிஞ்சவில்லை.

நல்ல நாள். உடம்பெல்லாம் வலி, மனசு லேசு.

7.2.1989

புதுத் தகரம் ஏறிவிட்டது. பெருநாள் விடுமுறையிலேயே எல்லாம் முடிந்தது. தலைவர் என் தோளைத் தட்டினார்.

8.2.1989, புதன்

பள்ளி திறந்தது. தலைமையாசிரியை பத்மாவதி டீச்சர் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகளையும் விளக்குமாற்றோடு இறக்கிவிட்டாராம். என் மகள் சுபத்ரா இரண்டாம் வகுப்பு, அவளும் பெருக்கியிருக்கிறாள். மதியம் தூசியில் தலை நரைத்துப்போய் வந்து நின்றாள். ஜெயா வாசலிலேயே சீருடையை உதறி, "கிழவி வந்துட்டாடி" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

15.2.1989

ஆபீஸில் முதலாளி மிஸ்டர் லிம் ஒரு சுற்றறிக்கையை மேசைமேல் போட்டு, இனிமேல் இதையும் பார்த்து வரை என்றார். ஆஸ்பெஸ்டாஸ் விதிகள். ஆலைகளுக்குப் போட்டது, இப்போது பழைய கட்டடத்தை இடிக்கிறவர்களும் படிக்க வேண்டும் என்கிறார்கள். உலர்ந்த நிலையில் உடைக்காதே. நனைத்து, முழுசாகக் கழற்று. முகத்தை மூடு. பெருக்காதே. இரட்டைப் பையில் கட்டிப் புதை. தூசி நுரையீரலில் தங்கிவிடும், இருபது முப்பது வருடம் கழித்துத்தான் தெரியும்.

இருபது வருடமாக எத்தனை பிளானில் கூரைமேல் 'ஏ.சி. ஷீட்' என்று எழுதியிருக்கிறேன். ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட். பள்ளி பிளானிலும் என் கையெழுத்தில் அதுதான் இருக்கிறது. தெரியாத வார்த்தை இல்லை. அது என்ன செய்யும் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

சுற்றறிக்கையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

16.2.1989

தலைவரிடம் போய்ச் சொன்னேன். சுற்றறிக்கையைக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார்.

"யாருக்காச்சும் இருமல் வந்துச்சா?"

"உடனே வராது ஐயா."

"அப்ப இப்ப என்ன செய்யச் சொல்றீங்க? வெளிய சொன்னா பெர்மிட் இல்லாம இடிச்சோம்னு பூட்டுவாங்க. ஒரு மாசம் பூட்டினா பெத்தவங்க பிள்ளைங்களை மலாய்ப் பள்ளிக்கூடத்துல சேர்த்துருவாங்க. திரும்பி வருமா? ஐம்பத்தெட்டுதான் இருக்கு. டீச்சர்கிட்டயும் வேணாம். ஆரம்பிக்கச் சொன்னது நீங்க, கார்த்திகேசு."

கடைசி வாக்கியத்தைக் கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் என்னை அடக்கிவிட்டது.

20.2.1989

அந்தக் குவியல் அங்கேயே கிடக்கிறது.

24.2.1989, வெள்ளி

லாரிக்காரனைக் கேட்டேன். பெர்மிட் எண் இல்லாமல் குப்பைமேட்டில் விடமாட்டார்கள், பள்ளி நேரத்தில் அந்தத் தெருவில் லாரி நுழையவும் கூடாது என்றான். ஆக, பெர்மிட் இல்லாமல் குவியலை எடுக்க முடியாது. சலேஹா வந்து பார்க்காமல் பெர்மிட் வராது. வந்து பார்த்தால் பழைய கூரை இல்லை. எந்தக் கதவைத் திறந்தாலும் நானே நிற்கிறேன்.

இன்று அவள் செவ்வாய்க்கிழமை வரட்டுமா என்றாள். டீச்சருக்கு உடம்பு சரியில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன். உடனே நம்பிவிட்டாள். டீச்சர் சீக்கிரம் குணமாகட்டும் என்று வேறு சொல்லி அனுப்பினாள்.

பிளானில் மிஸ்டர் லிம்மின் முத்திரை இருக்கிறது. விஷயம் வெளியே வந்தால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பிறகு என்னை வீட்டுக்கு அனுப்புவார். நாற்பத்து நாலு வயதில் எங்கே போய் நிற்பேன்?

27.2.1989

குவியலைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, நாலு பக்கமும் கல் வைத்துவிட்டு வந்தேன். எதுக்கண்ணே என்று சிற்றுண்டிச் சாலை நல்லம்மாள் கேட்டார். மழைக்கு என்றேன். தகட்டு உடைசலை மழையிலிருந்து காப்பாற்றுகிற ஆள் நான்.

மதியம் காற்றில் விரிப்பு விலகிவிட்டதாம். பிள்ளைகள் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள்.

2.3.1989, வியாழன்

சுபத்ராவுக்கு மாற்றல் பாரம் எழுதிக் கொடுத்துவிட்டேன். திங்கள் முதல் வேறு பள்ளி. ஜெயா காரணம் கேட்டாள். ஆபீஸ் போகிற வழி, ஏற்றி இறக்க வசதி என்றேன்.

"தமிழ்ப்பள்ளிக்குத்தான் அனுப்பணும்னு அன்னிக்கு என் அண்ணன்கிட்ட சண்டை போட்டது யாரு?"

என் பிள்ளையை மட்டும் வெளியே எடுத்துவிட்டேன். அதுதான் செய்திருக்கிறேன். வேறு எப்படி எழுதினாலும் அது இதுதான். சீ.

7.3.1989

நேற்று கோயிலில் முனுசாமி மறித்தார். "கூரை போட்டவரே பிள்ளைய எடுத்துட்டாரே, என்னமோ இருக்குலா. சொல்லுங்கண்ணே." ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் ஒன்றுமில்லை என்று சொன்னதே போதுமாயிருந்திருக்கிறது. இன்றைக்குப் பதினோரு பேர் மாற்றல் பாரம் கேட்டார்களாம். பள்ளியைக் காப்பாற்றத்தான் வாயைப் பொத்திக்கொண்டேன் என்று இத்தனை நாள் எனக்கே கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

9.3.1989, வியாழன்

மாலை ஐந்து மணிக்கு பத்மாவதி டீச்சர் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சுபத்ராவின் பாரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"மாற்றலுக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, மிஸ்டர் கார்த்திகேசு. எழுதாம விட்டுட்டீங்க. எழுதிக் குடுங்க, ஃபைல்ல போடணும்."

பேனாவை எடுத்தேன். வசதி என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? கை வரவில்லை. கட்டத்துக்கு வெளியேயும் போய், பாரத்தின் பின்பக்கமும் எழுதினேன். தகடு என்ன தகடு, யார் ஆரம்பிக்கச் சொன்னது, பெர்மிட் இல்லை, குவியலில் என்ன இருக்கிறது. எல்லாம். கையெழுத்தும் போட்டேன்.

நின்றபடியே படித்தார். ஜெயா கதவருகில் நின்றாள்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"போன மாசம் பதினஞ்சாம் தேதி."

"நான் பிள்ளைங்களைப் பெருக்கவிட்டேன்" என்றார். "அதுக்கப்புறமும் தினமும் பெருக்கவிட்டேன். இருபத்திரண்டு நாள் நீங்க பார்த்துட்டு இருந்தீங்க."

பாரத்தை மடித்துப் பையில் வைத்தார். நாளைக்குக் கேட்டைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெயா என்னைப் பார்க்காமல் சுபத்ராவைக் குளிப்பாட்டக் கூட்டிக்கொண்டு போனாள்.

10.3.1989

சலேஹாவிடம் நானே போய்ச் சொன்னேன். டீச்சருக்கு உடம்பு சரியில்லை என்றது பொய் என்பதையும். கடைசிவரை கேட்டுவிட்டு, இனி கவுண்டரில் வரிசையில் நில்லுங்கள் என்றாள்.

13.3.1989

மிஸ்டர் லிம் ஆபீஸ் சாவியை வாங்கிக்கொண்டார். கத்தவில்லை.

22.3.1989

முகமூடி போட்ட ஆட்கள் வந்து குவியலை நனைத்து, பையில் கட்டி எடுத்துப் போனார்கள். தெருமுனையில் நின்று பார்த்தேன். வகுப்புகள் கோயில் மண்டபத்தில் நடக்கின்றன. முப்பத்தாறு பேர். சுபத்ராவைத் திரும்பச் சேர்த்துவிட்டேன், அவளோடு முப்பத்தேழு. தலைவர் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்.

1.4.1989, சனி

டாக்டர் நாகநாதன் தன் கிளினிக்கில் எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுத்துத் தருகிறேன் என்றார். பள்ளியை விட்டுப் போன பிள்ளைகளும் வந்திருந்தார்கள். இப்போது எதுவும் தெரியாது, இருபது முப்பது வருடம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு படம் கையில் இருக்கட்டும் என்றார். சுபத்ராவுக்கு அப்போது முப்பது வயதாகியிருக்கும்.

வரிசையில் என்னிடம் யாரும் பேசவில்லை. எக்ஸ்ரே பாரத்தில் தூசி பட்ட தேதி என்று ஒரு வரி இருந்தது. முனுசாமி பேனாவோடு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, என்ன தேதி அது?"

"உங்களுக்குப் பிப்ரவரி அஞ்சு. பிள்ளைக்கு எட்டு."

பின்னால் நின்றவர் கேட்டார். அவருக்குப் பின்னால் நல்லம்மாள். எழுதத் தெரியாதவர்களுக்கு நானே எழுதிக் கொடுத்தேன். சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. கடைசியாக ஒரு பாரம் என் முன்னால் வந்தது. பத்மாவதி டீச்சர். அவரும் அன்றைக்குப் பிள்ளைகளோடு நின்று பெருக்கியிருக்கிறார்.

"தேதி?" என்றார்.

"எட்டு" என்றேன். எழுதிக்கொண்டு உள்ளே போனார்.