பின்விளக்கு சரியாகிவிட்டது

அன்பு மகளுக்கு,

உன் கல்யாணத்துக்கு நம் பழைய காரைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தாய். காரின் சொந்தக்காரனைத்தான் கூப்பிடவில்லை.

பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு அணைந்து இண்டிகேட்டர் மினுக்கியது. மெக்கானிக் டிக்கிக்குள் தலையை விட்டார்.

"எர்த் ஒயரைப் பெயின்ட் மேலயே முடுக்கியிருக்கு சார், கரண்ட் எப்படிப் போகும்? எந்தப் புத்திசாலி செஞ்ச வேலை?"

"இப்ப உங்களுக்கு டீ வாங்கிக் குடுத்தானே, அவன்தான்" என்று என்னையே காட்டினேன்.

பெயின்ட்டைச் சுரண்டித் தகரத்தில் முடுக்கினோம். இரண்டு விளக்கும் ஜோராக எரிகின்றன.

உன் அம்மாவின் புதுக் கணவர்தான் ஓட்டுவாராம். கிளட்ச்சை மெதுவாக விடச் சொல். அழைப்பிதழ் தபாலில் தொலைந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் நீயும் அப்படியே சொல்.

காரை எடுத்துப் போகும்போது தெருமுனையில் ஒரு தடவை பிரேக் போடச் சொல். விளக்கு எரிகிறதா என்று வாசலில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய்விடுகிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவன்